மூடிக்கு இந்தப் பக்கம்

ஒரு கார்ன் ஸ்நேக்கை நல்லபடியாக வளர்ப்பதற்கு என்னென்ன வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. பூட்டக்கூடிய மூடி, தலை நுழையும் இடைவெளி கிடைத்தால் இந்தப் பாம்பு மொத்த உடம்பையும் வெளியே கொண்டுபோய்விடும். தொட்டியின் ஒரு முனையில் 30 டிகிரி செல்சியஸ் சூடு, மறு முனையில் 23 அல்லது 24. வெப்பத் தகடு அளவு மீறாமல் இருக்க ஒரு தெர்மோஸ்டாட். ஒளிந்துகொள்ள முனைக்கு ஒரு பொந்து. தரையில் ஆஸ்பென் மரச்சீவல். பைன், சீடர் சீவல் ஆகாது, அவற்றின் வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சைக் கெடுக்கும். சுருண்டு படுக்கும் அளவுக்கு அகலமான தண்ணீர்க் கிண்ணம். வளர்ந்த பாம்பு என்றால் 10 முதல் 14 நாட்களுக்கு ஒருமுறை ஒரு சுண்டெலி.

அவ்வளவுதான். நாயைப் போல நடைக்குக் கூட்டிப்போக வேண்டாம், பூனையைப் போல சோபாவைக் கிழிக்காது, ராத்திரியில் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பாது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இப்படி ஒரு பட்டியல் பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. எல்லாவற்றுக்கும் ஓர் எண் இருக்கிறது, எண் சரியாக இருந்தால் பாம்பும் சரியாக இருக்கிறது. கடைசி வரி மட்டும் இந்தப் பட்டியலோடு ஒட்டுவதில்லை. மற்றதெல்லாம் கடையில் வாங்கும் பொருள். கடைசியில் இருப்பதையும் கடையில்தான் வாங்குகிறேன், ஆனால் கொஞ்ச நாள் முன்புவரை அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வரியைப் பற்றியது. ஒன்றைப் பேணி வளர்ப்பதற்காக இன்னொன்றைத் தொடர்ந்து கொல்லலாமா? 'காட்டிலும் இதுதானே நடக்கிறது' என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடுகிறதா?

*

நான் வட கரோலினாவில் ராலே நகரத்தை ஒட்டி வசிக்கிறேன். பாம்பை நான் வாங்கவில்லை. என்னோடு வேலை பார்த்த நண்பனுக்கு நாலு வருடத்துக்கு முன்னால் விசா முடிந்து ஊர் திரும்ப வேண்டி வந்தது. காரை விற்றான், சோபாவை விற்றான், பாம்பைத் தொட்டியோடு என் வீட்டு ஹாலில் கொண்டுவந்து வைத்தான். அப்போது அதற்கு மூன்று வயது. பெயர் பைத்தான். கார்ன் ஸ்நேக்குக்கும் மலைப்பாம்புக்கும் நெருங்கிய உறவெல்லாம் கிடையாது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் சிரிப்பு வரக்கூடிய பெயர்.

ஆரஞ்சு உடம்பில் கறுப்பு விளிம்பு போட்ட செங்காவித் திட்டுகள். அடிவயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், பலநிற மக்காச்சோளக் கதிரில் மணிகள் மாறி மாறி வருவதைப் போல. பெயர் அதனால் வந்தது என்கிறார்கள். மக்காச்சோளம் சேர்த்துவைக்கும் கொட்டகைகளுக்கு எலி தேடி வந்ததால் என்று இன்னொரு விளக்கமும் உண்டு. லின்னேயஸ் 1766-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நியூ ஜெர்சியிலிருந்து ஃபுளோரிடா வரை, அமெரிக்காவின் தென்கிழக்குதான் இதன் சொந்த மண். விஷம் கிடையாது. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்தடி வரை வளரும். எங்கள் இருவரில் வெளியூர்க்காரன் நான்தான்.

எங்கள் ஊர் பெரம்பலூர் பக்கம். அங்கேயும் மக்காச்சோளம், அங்கேயும் எலி. இந்தப் பாம்பு செய்யும் வேலையை அங்கே சாரை செய்கிறது. அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். வீடியோ காலில் தொட்டியைக் காட்டியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அதுக்குப் பால் வெக்கிறியாடா?"

இல்லம்மா, எலி, உறைய வைத்து விற்கிறார்கள், வாங்கி வைத்திருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"நம்ம காட்டுல எலி புடிக்கிறவங்களுக்கு நாம காசு குடுப்போம். நீ காசு குடுத்து எலி வாங்குறியா? நல்லா படிச்ச போ!"

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் பிறகு யோசித்துப் பார்க்கும்போது நான் தேடிக்கொண்டிருந்த விஷயத்தின் பாதி அந்த இரண்டு கேள்விகளில் இருந்தது.

முதலில் பால். ஆடி மாதம் புற்றுக்குப் பால் ஊற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பாம்பு பாலூட்டி இல்லை, பால் அதன் உணவு இல்லை என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. தெரிந்தும் ஊற்றுகிறோம். அதில் அறியாமை மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நம் கை கொடுக்கும் பொருளில் ரத்தம் இருக்கக் கூடாது என்ற ஆசையும் இருக்கிறது. பாம்புக்கும் படைக்க வேண்டும், யாரும் சாகவும் கூடாது. பால் அந்த ஆசைக்குத் தோதான பொருள். பாம்புக்கு அது வேண்டுமா என்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பாம்பு மெல்லாது, கிழிக்காது, முழுசாக விழுங்கும். எலியின் எலும்பிலிருந்து அதற்குச் சுண்ணாம்புச் சத்து, ஈரலிலிருந்து வைட்டமின்கள். கோழிக்கறித் துண்டு போட்டு வளர்த்தால்கூட சத்துக் குறைபாடு வந்துவிடும். காய்கறி பற்றிப் பேசவே வேண்டாம். 'என் நாய் சைவம்' என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். 'என் பாம்பு சைவம்' என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் அந்தப் பாம்பு ரொம்ப நாள் இருக்காது.

அம்மாவின் இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. எங்கள் காட்டில் கிட்டி வைத்து எலி பிடிப்பார்கள், மருந்து வைப்பார்கள். ஒரு வெள்ளாமையில் சாகும் எலிகளை யாரும் எண்ணியதில்லை. அதைப் பாவம் என்று யாரும் பேசியதுமில்லை. அங்கே எலி எங்கள் சோற்றுக்குப் போட்டியாக வந்தது. இங்கே என் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குக் கீழே படுத்திருக்கும் எலி எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அது என்னைத் தேடி வரவில்லை, நான்தான் அதைத் தேடிப் போனேன்.

*

காட்டில் ஒரு கார்ன் ஸ்நேக் எலியைப் பிடிக்கிறது. கவ்வுகிறது, கண்ணிமைக்கும் நேரத்தில் சுற்றி இறுக்குகிறது. இறுக்கிக் கொல்லும் பாம்புகளிடம் இரை மூச்சுத் திணறித்தான் சாகிறது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். போவா பாம்பை வைத்துச் செய்யப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வு, எலியின் ரத்த ஓட்டம் சில நொடிகளிலேயே நின்றுபோவதைக் காட்டியது. எப்படியானாலும் அங்கே ஒரு உயிர் போகிறது. ஆனால் அங்கே குற்றவாளி என்று யாரும் இல்லை. டாம் ரீகன் 1983-இல் வெளிவந்த தன் விலங்குரிமை நூலில் இதற்கு ஒரு பிரிவினை சொல்கிறார். தன் செயலுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் ஒரு வகை. பதில் சொல்ல முடியாது, ஆனால் நம்மிடமிருந்து நியாயம் கிடைக்க வேண்டியவர்கள் இன்னொரு வகை. பாம்பும் எலியும் இரண்டாவது வகை. ஆகவே பாம்பு எலிக்கு அநீதி இழைக்கவில்லை. அநீதி என்ற சொல்லே அந்தக் காட்டுக்குள் போகாது.

வள்ளுவரும் புலால் மறுத்தலை 26-ஆம் அதிகாரமாகவும் கொல்லாமையை 33-ஆம் அதிகாரமாகவும் துறவறவியலில்தான் வைக்கிறார். வேறு வழியை எடுக்கக்கூடிய மனிதனிடம் பேசுகிற பேச்சு அது. புலியிடம் பேசியது இல்லை.

சரி, அப்படியானால் என் வீட்டிலும் குற்றம் இல்லையே? அதே பாம்பு, அதே எலி. இந்த வாதத்தை நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். 'இயற்கை ப்ரோ' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் சம்மதமில்லாமல் போனதற்குக் காரணம் அந்தத் தொட்டியின் மூடி.

மூடியைச் சாத்தும்போது பாம்பின் வழி மட்டும் அடைபடுவதில்லை. காட்டில் அது வெயிலுக்கும் நிழலுக்கும் தானே நகர்ந்து உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். குளிர்ந்து கிடந்தால் விழுங்கியது செரிக்காது என்பது அதன் உடம்புக்குத் தெரியும், சூடான பாறையைத் தேடிப் போகும். தொட்டிக்குள் அந்தப் பாறை நான் வைத்தால் உண்டு. தெர்மோஸ்டாட்டில் நான் வைக்கும் எண்தான் அதன் வானிலை. எந்தப் பொந்தில் ஒளிவது, எப்போது வேட்டைக்குப் போவது, குளிர்காலத்தில் எங்கே மண்ணுக்குள் முடங்குவது என்று அது எடுத்துக்கொண்டிருந்த முடிவுகள் அத்தனையும் என் பக்கம் வந்துவிடுகின்றன. அதற்குப் பசிக்கும் நாளை என் காலண்டர் தீர்மானிக்கிறது.

அப்படி வந்து சேர்ந்தவற்றில் எலியின் சாவும் ஒன்று. காட்டு எலிக்குக் காது இருக்கிறது, வளை இருக்கிறது, தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. என் ஃப்ரீசரில் இருக்கும் எலி ஒரு பண்ணையில் பிளாஸ்டிக் பெட்டியில் பிறந்தது. என்னைப் போன்ற ஒருவன் வாங்குவான் என்பதற்காகவே பிறப்பிக்கப்பட்டது. வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவனும் இருக்க மாட்டான் என்ற கணக்கு குறளிலேயே இருக்கிறது. வழக்கமாக கார்பன் டை ஆக்சைடு கொடுத்துக் கொல்கிறார்கள். பிறந்து சில நாளே ஆன குஞ்செலிகள் ஆக்சிஜன் குறைவைத் தாங்கக்கூடியவை, அவை சாக அதிக நேரம் பிடிக்கும். இதையெல்லாம் படித்த பிறகு 'இயற்கை' என்ற சொல் வாயில் வர மறுக்கிறது. இந்தச் சாவில் இயற்கையாக இருப்பது பாம்பின் வாய் மட்டும்தான். மற்றதெல்லாம் விநியோகச் சங்கிலி.

உயிரோடு போட்டால் அது இயற்கை என்பவர்களும் உண்டு. ஓடி ஒளிய இடமில்லாத பெட்டிக்குள் எலியைப் போடுவதில் காட்டின் எந்தப் பகுதி இருக்கிறது? போதாததற்கு, பாம்புக்குப் பசியில்லாத நாளாக இருந்தால் எலி பாம்பைக் கடித்துவைக்கும். கண்ணும் முதுகும் புண்ணாகி மருத்துவரிடம் கொண்டுபோன கதைகள் நிறைய. இரண்டு உயிருக்கும் பயமும் வலியும் குறைவு என்பதால்தான் உறைந்த எலி.

*

இப்போது ஒரு கணக்கு. பைத்தானுக்கு ஏழு வயது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் கார்ன் ஸ்நேக் 15, 20 வருடம் இருக்கும். 20 வருடம் என்றே வைத்துக்கொள்வோம், இன்னும் 13 வருடம். இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் வருடத்துக்கு 26. மொத்தம் 338 எலிகள்.

ஒரு பக்கம் ஒரு பாம்பு, மறு பக்கம் 338 எலி. வெறும் தலைகளை எண்ணினால் பாம்பை இன்றே கருணைக்கொலை செய்துவிடுவதுதான் லாபம். இந்த முடிவை ஏற்கிற ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. நானும் ஏற்கவில்லை. ஆனால் ஏன் ஏற்கவில்லை என்று சொல்லத் தெரிய வேண்டுமே. 'எனக்கு இது பிடிக்கும், எலியைப் பிடிக்காது' என்பது காரணம் ஆகாது. அது வெறும் பாரபட்சம்.

எனக்கு உதவிய கதை சிபிச் சக்கரவர்த்தியுடையது. புறா மடியில் வந்து விழுகிறது, பின்னாலேயே பருந்து வருகிறது. பள்ளியில் இதை இரக்கத்தின் கதையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இரக்கம் இருக்கட்டும், அந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் பருந்து. அதன் வழக்கு எளிமையானது. இவனைக் காப்பாற்றுகிறாய், சரி, என் பசிக்கு யார் பொறுப்பு? ராஜா குறுக்கே வருவதற்கு முன்னால் அங்கே யாரும் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. அவர் புறாவின் மேல் கை வைத்த அந்த நொடியில் இரண்டு பறவைகளுக்கும் கடன்காரர் ஆகிறார். தராசு வருவது அதற்குப் பிறகுதான். இன்னொரு புறாவைப் பிடித்துக் கொடுத்துக் கணக்கை முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை என்பதுதான் கதை.

நான் செய்வது இன்னொரு புறாவைப் பிடித்துக் கொடுக்கிற வேலை. இதில் என்னைச் சிபியாகக் கற்பனை செய்துகொள்ள ஒன்றுமில்லை. ஆனால் குறுக்கே வந்தவன் இரண்டு பக்கத்துக்கும் கடன்காரன் என்ற இடம் வரைக்கும் அந்தக் கதை எனக்குப் பொருந்துகிறது.

அந்த இடத்திலிருந்து பார்த்தால், நான் ஒரே கேள்வி என்று நினைத்தது இரண்டு கேள்விகளாகப் பிரிகிறது. இந்த ஏற்பாட்டுக்குள் இன்னொரு பாம்பைக் கொண்டுவரலாமா? மாட்டேன். புதிதாக ஒரு பாம்பை வாங்குவதென்பது இன்னும் பிறக்காத சில நூறு எலிகளைச் சேர்த்து வாங்குவது, அதற்கு என் ரசனையைத் தவிர வேறு நியாயம் என்னிடம் இல்லை. ஆனால் ஏற்கெனவே மூடிக்குள் இருக்கிற, தொட்டியில் பிறந்து தொட்டியில் வளர்ந்த, வேட்டையே ஆடியிராத இந்த ஒன்றுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறேன் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் 'கூடாது' என்பதால் இரண்டாவதன் கடன் ரத்தாகிவிடாது. ஆரம்பித்திருக்க வேண்டாம் என்பதும் நடுவில் விட்டுவிடலாம் என்பதும் ஒன்றல்ல. 'நான் வாங்கவில்லையே, நண்பன்தானே வாங்கினான்' என்ற சமாதானமும் செல்லாது. மூடியைத் தினமும் சாத்துகிறவன் நான்.

*

இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு அந்த ஒரு பக்கப் பட்டியல் எனக்கு வேறு மாதிரி படிக்கக் கிடைத்தது. அதில் ஒவ்வொரு வரியும் பாம்புக்கான கடமை, அதே வரி எலிக்கான கடமையும்கூட.

சூட்டு முனை 30 டிகிரி இல்லாமல் போனால் விழுங்கியது செரிக்காது, பாம்பு கக்கிவிடும். பாம்புக்கு அது பெரிய சேதம், தேற ஒன்றரை இரண்டு வாரம் பட்டினி போட வேண்டும். கூடவே ஒரு எலி செத்தது யாருக்கும் உதவாமல் போகிறது. சாப்பிட்ட பின் 48 மணி நேரம் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் குழந்தை கையில் வைத்துப் படம் எடுக்க ஆசைப்படும், 'இன்னிக்கு முடியாது கண்ணா' என்றுதான் சொல்ல வேண்டும்.

எலியை முதல் நாள் ராத்திரி ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, மறுநாள் வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, இடுக்கியால் கொடுக்க வேண்டும். மைக்ரோவேவ் கூடவே கூடாது. ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்க முடியாது, பாம்பு மறுத்தால் குப்பைதான். ஆகவே எப்போது மறுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். சட்டை உரிக்கும் முன் அதன் கண் பால் கலந்த நீலமாகிவிடும், உடம்பு மங்கும். பெரும்பாலான பாம்புகள் அப்போது சாப்பிடாது. கண்ணைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்து எலியை உருக்குகிறவன் ஒரு சாவை வீணாக்குகிறான்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது அளவு. எலியின் பருமன் பாம்பின் உடம்பில் தடித்த இடத்தைப்போல ஒரு மடங்கு, மிஞ்சினால் ஒன்றரை மடங்கு. பாம்பு கேட்டுக்கொண்டேதான் இருக்கும், தொட்டி அருகே நிழல் ஆடினாலே தலையைத் தூக்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். வீட்டுப் பாம்புகளுக்கு வரும் பிரச்சினைகளில் உடல் பருமன் முக்கியமானது. அன்பு என்ற பெயரில் கொடுக்கும் கூடுதல் எலி பாம்பின் ஆயுளைக் குறைக்கிறது, எலியின் ஆயுளை முடித்தே விடுகிறது. இந்த வீட்டில் கஞ்சத்தனம்தான் கருணை.

நான் கொடுக்கும் முன் எலியை ஒரு நிமிடம் பார்ப்பேன். பிரார்த்தனை எதுவும் கிடையாது. மீசை, மூடிய கண், ரோஸ் நிறக் கால்விரல்கள். பூனை வளர்க்கும் நண்பர் கொடுக்கும் உருண்டைகளிலும் கோழி இருக்கிறது, மீன் இருக்கிறது. அதில் முகம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சனிக்கிழமை நான் சாப்பிடும் பிரியாணியிலும் இல்லை. பாம்புக்கு வேறு வழி கிடையாது, எனக்கு உண்டு. இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போவது எனக்குச் சுலபமாக இல்லை. கறி தின்னும் நாட்கள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. எலிக்கு நான் சொல்லும் நியாயம் எதுவும் அந்தக் கோழிக்குப் பொருந்தாது என்பது மட்டும் தெளிவாகியிருக்கிறது.

*

13 வருடம் என்று மேலே கணக்குப் போட்டேனே, அதில் ஒரு சிக்கல். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு வேலை, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். என்னைவிட உறுதியான எதிர்காலம் பாம்புக்கு இருக்கிறது.

போன வருடம் அட்லாண்டாவில் ஒரு வேலை வந்தது, சம்பளமும் கூட. ஜார்ஜியா மாநிலத்தில் உள்நாட்டு நஞ்சற்ற பாம்புகளை உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது சட்டவிரோதம். அங்கே அது காட்டின் சொத்து. அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, சரியான சட்டம் என்றே தோன்றுகிறது. காட்டில் விட்டுவிடேன் என்றார் ஒருவர். தொட்டியில் வளர்ந்த பாம்பைக் காட்டில் விட்டால் அது பட்டினி கிடக்கலாம், காட்டுப் பாம்புகளுக்கு இல்லாத நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். விடுதலை என்ற பெயரில் கைகழுவுவதுதான் அது. அட்லாண்டாவுக்குப் போகவில்லை. பாம்புதான் ஒரே காரணம் என்று சொன்னால் பொய், ஆனால் காரணங்களில் அதுவும் இருந்தது. அதற்குப் பிறகு, ஊர்வன வளர்த்துப் பழகிய ஒருவரிடம் பேசி, நான் போக நேர்ந்தால் அவர் எடுத்துக்கொள்வார் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். மூடி கைமாறும்போது கடனும் கைமாற வேண்டும்.

அம்மா இப்போதெல்லாம் பேசும்போது பாம்பையும் விசாரிக்கிறார். போன வாரம், "இத்தன வருஷமா சோறு போடுற. உன்ன அடையாளம் தெரியுமாடா அதுக்கு?" என்று கேட்டார். என் வாசனை பழகியிருக்கலாம், கையில் எடுத்தால் பதறுவதில்லை, அவ்வளவுதான் என்றேன். "அப்புறம் எதுக்கு?" என்றார். என்னைத் தெரிந்துகொள்வதற்காக நான் அதைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று சொல்ல வந்தேன். போனில் அது கொஞ்சம் அதிகமாக ஒலிக்கும் என்று பட்டதால் பேச்சை மாற்றிவிட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை அதற்கு எலி நாள். இன்று காலை பார்த்தேன், கண் நீலம் பூத்திருக்கிறது. அதனால் வெள்ளிக்கிழமை கிடையாது. சட்டை உரித்து முடிக்கும்வரை எலி ஃப்ரீசரிலேயே இருக்கும்.